கம்பியில்லா இணைப்பில் குறை காணும் முறை
(ஒரு பழைய மடிக்கணிப்பொறி கற்பித்த பாடம்)

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

முன்னுரை

போடிமெட்டு மலைச்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோரை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் அவ்வளைவுகளில் ஏறிச் செல்வதை நம்மவர் அனைவரும் அறிவர். ஒருநாள் மாலையில் ஒரு ஜீப் திரும்பி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 'வண்டி ஒழிந்தது, புதிது வாங்க வேண்டியதுதான்' என்று எவரும் முடிவு கட்டுவதில்லை. வண்டி புறப்பட்டதா, ஓட்டுநர் வந்தாரா, டீசல் இருந்ததா, சோதனைச் சாவடியில் நிறுத்தி வைத்தார்களா என ஒவ்வொன்றாகக் கேட்டறிகின்றனர்.

ஆனால் மடிக்கணிப்பொறியில் கம்பியில்லா இணைப்பு கிடைக்கவில்லை என்றால் மட்டும் நாம் அந்த நிதானத்தை இழந்துவிடுகிறோம். 'லினக்ஸ் என்றால் இப்படித்தான்' என்றோ, 'எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடு' என்றோ சொல்லிவிடுகிறோம். அது தவறு என்பதை நான் அண்மையில் அனுபவத்தில் உணர்ந்தேன். அவ்வனுபவத்தையே ஒரு பாடமாக்கி, நண்பர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதியுள்ளேன்.

கட்டுரை பிறந்த கதை

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணிப்பொறி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அவ்வாறு பள்ளியில் என் தமக்கைக்குக் கிடைத்த கணிப்பொறிதான் இன்று என்னிடம் உள்ளது. அதில் அவர் எழுதி வைத்த பாடக்குறிப்புகளும், காலஞ்சென்ற எங்கள் தந்தையாரின் புகைப்படங்களும் இருக்கின்றன. பழைய அமைப்புகளுக்குப் புதுப்பிப்பு நின்றுபோனதால், மூத்த மாணவர் ஒருவர் தம்மிடமிருந்த வேறொரு லினக்ஸ் அமைப்பின் பழைய பதிப்பை, எங்கள் கோப்புகளுக்கு ஊறு நேராமல், அதில் நிறுவித் தந்தார். ஆய்வகக் குறிப்பேடு எழுதுவதற்கு அது போதுமானதாக இருந்தது. இணையம் தேவைப்படவில்லை, ஆகவே இணைப்பு வருமா என்று நான் சோதித்துப் பார்க்கவுமில்லை.

சோதனை பிறகு வந்தது. மேற்படிப்புக்கான உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பிக்க ஐந்து நாட்களே எஞ்சியிருந்தன. சான்றிதழ்களைப் பதிவேற்றம் செய்யக் கைப்பேசியின் சிறு திரை ஒத்துவரவில்லை. கைப்பேசியிலிருந்து இணைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று மடிக்கணிப்பொறியைத் திறந்தால், கம்பியில்லா இணைப்புக்குரிய குறியே திரையில் இல்லை. பழுது பார்க்கும் கடையில் காட்டினேன். "கார்டு போயிருச்சு தம்பி. புதுசு மாத்தணும், எல்லாத்தையும் அழிச்சிட்டு வேற போடணும்" என்றார்கள். அவர்கள் கேட்ட தொகை, ஏலக்காய் பறிக்க மலையேறும் என் தாயாரின் பல நாள் கூலி. தந்தையாரின் படங்களும் போய்விடுமோ என்ற அச்சம் வேறு.

மறுநாள் கல்லூரியில் எங்கள் விரிவுரையாளரிடம் முறையிட்டேன். அவர் கேட்டது ஒன்றே: "கடைக்காரரைக் கேட்டாய், நண்பர்களைக் கேட்டாய். கணிப்பொறியைக் கேட்டாயா?" இக்கட்டுரையின் சாரமெல்லாம் இவ்வொரு கேள்வியில் அடங்கிவிடுகிறது.

சில அடிப்படைச் செய்திகள்

1983-ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயக்கமுறைமையை உருவாக்கும் முயற்சியை அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் உட்கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து வளர்ந்ததே இன்றைய லினக்ஸ் குடும்பம். டெபியன், உபுண்டு முதலியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டில் சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவ்வாறே.

கம்பியில்லா வலையமைப்புக்கான 802.11 என்னும் பொதுத்தரம் 1997-இல் வெளிவந்தது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் குறைந்த திறனுடைய கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டு விதிகள் வழிவகுத்தன. இன்று வீட்டுக்கு வீடு கம்பியில்லா இணைப்பு இருப்பதற்கு இவ்விலக்கு ஒரு முக்கியக் காரணம்.

செய்தி ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியைப் பல அடுக்குகளாகப் பிரித்துக் காண்பது அறிவியல் மரபு. 1984-இல் பன்னாட்டுத் தர அமைப்பு வெளியிட்ட மாதிரியில் ஏழு அடுக்குகள் உண்டு. கீழ் அடுக்கு சரியாக இருந்தால்தான் மேல் அடுக்கு இயங்கும். எனவே குறை காண்போர் கீழிருந்து மேலே செல்லவேண்டும். நடைமுறைக்கு ஏற்ப நான் அவற்றை ஆறு படிகளாக அமைத்துக்கொண்டேன்.

கட்டளைகளைக் கீழே ஒலிப்படி தமிழில் தந்துள்ளேன். முனையத்தில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டவேண்டும். பொருள் உணர்ந்தபின் தட்டுவது நலம்.

முதற்படி: வண்டி இருக்கிறதா?

கம்பியில்லா அட்டை என்பது ஜீப்பைப் போன்றது. அது உயிருடன் உள்ளதா என்பதே முதற் கேள்வி. 'எல்எஸ்பிசிஐ' என்னும் கட்டளை, கணிப்பொறியின் உள்ளே பிசிஐ வழியில் பொருத்தப்பட்டுள்ள கருவிகளை வரிசையாகக் காட்டும். அட்டை யுஎஸ்பி வகையினதாயின் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று கேட்கவேண்டும். பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியோடு அட்டையின் பெயர் வந்தால், தாய்ப்பலகை அதைக் காண்கிறது என்று பொருள்.

என் கணிப்பொறியில் அந்த வரி இருந்தது. 'போய்விட்டது' என்று சொல்லப்பட்ட அட்டை தன் பெயரைத் தானே சொல்லிற்று. ஒரு நிமிடத்தில் பாதிக் கவலை தீர்ந்தது.

இரண்டாம் படி: ஓட்டுநரும் டீசலும்

வண்டி இருந்தால் போதுமா? ஓட்டுநர் வேண்டும். கணிப்பொறித் துறையிலும் அதற்கு டிரைவர் என்றே பெயர். அட்டையை இயக்கத் தெரிந்த மென்பொருள் அது. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் உட்கருவோடு சேர்ந்தே வருகின்றன. 'எல்எஸ்பிசிஐ' கட்டளையுடன் ஒரு சிறு கோடும் 'கே' எழுத்தும் சேர்த்துத் தட்டினால், எந்த டிரைவர் அட்டையை எடுத்துக்கொண்டுள்ளது என்பது தெரியும்.

ஓட்டுநர் இருந்தும் டீசல் இல்லையேல் வண்டி நகராது. அந்த டீசலைப் போன்றது ஃபர்ம்வேர். அது, அட்டைக்குள் இருக்கும் சிறு செயலிக்கு, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஊட்டப்பட வேண்டிய நிரல். பல அட்டைகளில் இந்நிரல் நிலையாகப் பதிந்திருப்பதில்லை. வன்தட்டிலுள்ள ஒரு கோப்பிலிருந்து டிரைவர் அதை எடுத்து ஊட்டவேண்டும்.

கணிப்பொறி தொடங்கியது முதல் உட்கரு எழுதிவரும் நாட்குறிப்பை 'சூடோ டிமெசெஜ்' என்னும் கட்டளையால் படிக்கலாம். அதில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடினேன். குறிப்பிட்ட பெயருடைய கோப்பை ஏற்ற இயலவில்லை என்றும், பிழை எண் −2 என்றும் எழுதியிருந்தது. லினக்ஸ் மரபில் −2 என்றால் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று பொருள். கணிப்பொறி எனக்குப் பதில் எழுதி வைத்துவிட்டு ஓராண்டாகக் காத்திருந்தது, நான்தான் படிக்கவில்லை!

கோப்பு ஏன் இல்லை? ஃபர்ம்வேர்கள் பல, மூலநிரல் வெளியிடப்படாதவை. திறந்த மூலநிரல் கொள்கையில் உறுதியாக நின்ற டெபியன் போன்ற அமைப்புகள் அவற்றை நெடுங்காலம் தம் நிறுவல் வட்டில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தன. 2022-இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி அவற்றைச் சேர்க்க இசைந்தனர். 2023 ஜூன் மாதம் வெளிவந்த டெபியன் 12 முதல் அவை நிறுவல் வட்டிலேயே கிடைக்கின்றன. ஆகவே புதிதாக நிறுவுவோர் இக்குறையைப் பெரும்பாலும் சந்திக்கமாட்டார்கள். பழைய பதிப்பை வைத்திருப்போர் இதை நினைவிற் கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். கோப்பைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெறக் கோப்பு வேண்டும். இதற்கு எளிய வழி, கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணைப்பைப் பகிர்தல். கம்பியில்லா அட்டையின் உதவி இதற்குத் தேவையில்லை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்த கம்பி மின்னேற்றத்துக்கு மட்டுமே உரியது. செய்தியைக் கடத்தாத வகை. ஆகவே கல்லூரி ஆய்வகத்தில், என் பதிப்புக்கு ஏற்ற ஃபர்ம்வேர் தொகுப்பைப் பென்டிரைவில் எடுத்துவந்து 'சூடோ டிபிகேஜி' கட்டளையால் நிறுவினேன். பதிப்பு எண் பொருந்துகிறதா என்று பார்த்து எடுப்பது இன்றியமையாதது.

மூன்றாம் படி: சாவடி திறந்திருக்கிறதா?

மீண்டும் இயக்கினேன். கம்பியில்லா இணைப்பின் குறி தோன்றியது; ஆனால் மங்கலாக நின்றது. வண்டி, ஓட்டுநர், டீசல் எல்லாம் இருந்தும் சாவடியில் குறுக்குக் கம்பம் இறக்கப்பட்டிருந்தால் என் செய்வது?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று கேட்டால், வானொலி அலை அனுப்பும் கருவிகள் தடுக்கப்பட்டுள்ளனவா என்பது தெரியும். தடை இருவகைப்படும். 'சாஃப்ட் பிளாக்' என்பது மென்பொருளால் இட்ட தடை. 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்ற கட்டளையால் நீங்கும். 'ஹார்டு பிளாக்' என்பது வன்பொருளால் இட்ட தடை. எந்தக் கட்டளைக்கும் அது அசையாது. பழைய மடிக்கணிப்பொறிகளில் இதற்கென ஓரத்தில் ஒரு சிறு நகர்த்தியோ, விசைப்பலகையில் கோபுரம் போன்ற படமுள்ள ஒரு விசையோ இருக்கும். என்னுடையதில் ஓரத்து நகர்த்தி எப்போதோ தள்ளப்பட்டு அழுக்கேறிக் கிடந்தது. நகத்தால் தள்ளினேன். குறி ஒளிர்ந்தது.

நான்காம் படி: ஒரே பாதையில் நிற்கிறோமா?

மலையேறக் கம்பம்மெட்டுப் பாதையும் உண்டு, போடிமெட்டுப் பாதையும் உண்டு. ஒருவர் ஒன்றிலும் மற்றவர் இன்னொன்றிலும் காத்திருந்தால் சந்திப்பு நிகழாது. எனக்கு நேர்ந்ததும் அதுவே. பக்கத்து வீட்டு இணைப்பின் பெயர் பட்டியலில் வந்தது. என் கையருகே இருந்த கைப்பேசியின் பெயர் வரவில்லை.

காரணம் அலைவரிசை. இன்றைய கைப்பேசிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் இணைப்பைப் பகிர வல்லவை. பழைய அட்டைகள் பலவற்றுக்கு முதற் பட்டை மட்டுமே தெரியும். கைப்பேசி 5-இல் பேசிக்கொண்டிருந்தால் பழைய அட்டையின் காதில் அது விழவே விழாது. கைப்பேசியின் பகிர்வு அமைப்பில் 2.4-ஐத் தெரிவு செய்தவுடன் பெயர் தோன்றியது.

இயற்பியல் மாணவர்க்கு இங்கே ஒரு சிறு கணக்கு. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது 12.5 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர். பொதுவாக அதிர்வெண் கூடக்கூடச் சுவரை ஊடுருவும் ஆற்றல் குறைகிறது. கருங்கல் சுவர் வீடுகளில் 2.4 பட்டையே கைகொடுப்பது இதனால்தான்.

குறிகையின் வலிமையை டெசிபெல் மில்லிவாட் என்னும் அலகில், எதிர்ம எண்ணாகக் குறிப்பர். −50 நல்லது, −80 நலிந்தது. வேறுபாடு 30 தானே என்று எண்ணவேண்டா. ஒவ்வொரு 10-க்கும் திறன் பத்தில் ஒன்றாகக் குறைவதால், −80 என்பது −50-இல் ஆயிரத்தில் ஒரு பங்கே! நலிந்த குறிகை என்றால் கணிப்பொறியைக் குறை கூறுமுன் இடத்தை மாற்றிப் பார்க்கவேண்டும்.

ஐந்தாம் படி: அனுமதியும் முகவரியும்

பெயர் தெரிந்தபின் கடவுச்சொல். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்தும் மீண்டும் மீண்டும் அதையே கேட்டால், கைப்பேசியின் பாதுகாப்பு முறையைப் பார்க்கவேண்டும். புதிய டபிள்யுபிஏ 3 முறை பழைய அட்டைகள் பலவற்றுக்குப் புரியாது. டபிள்யுபிஏ 2-க்கு மாற்றினால் இணையும்.

இணைந்தபின் கணிப்பொறிக்கு ஓர் எண் முகவரி வழங்கப்படும். 'ஐபி ஏ' என்று தட்டினால் அதைக் காணலாம். பின்னர் 'பிங்' கட்டளையால் மூன்று இடங்களை அழைத்துப் பார்க்கவேண்டும். முதலில், இணைப்பைத் தரும் கைப்பேசியின் எண். இரண்டாவது, வெளியுலகில் உள்ள ஓர் எண், எடுத்துக்காட்டாக 8.8.8.8, மூன்றாவது, ஓர் இணையதளத்தின் பெயர். முதலாவது விடை தந்து இரண்டாவது தராவிட்டால் குறை கைப்பேசிக்கு அப்பால் உள்ளது. இரண்டும் விடை தந்து பெயர் மட்டும் விடை தராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பில் குறை. எனக்கு மூன்றும் விடை தந்தன. மகிழ்ச்சியோடு உலாவியைத் திறந்தேன்.

ஆறாம் படி: நாட்காட்டி சரியா?

விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை. 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்ற எச்சரிக்கையே வந்தது. மறுநாள் கடைசி நாள். இரவு ஒன்பது மணி. எல்லாம் சரியாக இருந்தும் கதவு மட்டும் திறக்கவில்லை. அந்நேரத்தில், 'கடைக்காரர் சொன்னபடி அழித்துவிட்டிருக்கலாமோ' என்ற எண்ணம் எனக்கு வந்தது உண்மை.

அப்போது மலையிலிருந்து திரும்பியிருந்த என் தாயார் திரையை எட்டிப் பார்த்து, "ஏப்பா, இதுல தேதி தப்பா காட்டுது?" என்றார்கள். திரையின் மூலையில், சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாள் இருந்தது. ஓராண்டாக அதை நான் பொருட்படுத்தியதேயில்லை.

பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் 'இந்நாள் முதல் இந்நாள் வரை செல்லும்' என்று எழுதியிருக்கும். சாவடிக் காவலர் பழைய ஆண்டு நாட்காட்டியை வைத்துக்கொண்டு பார்த்தால், செல்லத்தக்க அனுமதிச் சீட்டும் 'இன்னும் நாள் வரவில்லை' என்றே தோன்றும். என் கணிப்பொறி அவ்வாறே சான்றிதழ்களை மறுத்துக்கொண்டிருந்தது.

நாள் ஏன் தவறியது? கணிப்பொறியை அணைத்தபோதும் அதன் கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையில் உள்ள ஒரு பொத்தான் மின்கலம். சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் வகை பரவலாகப் பயன்படுகிறது. பல ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியும் என் கணிப்பொறியில் நிறுத்தப்பட்டிருந்தது. அமைப்புப் பகுதியில் நாளையும் நேரத்தையும் கையால் திருத்தினேன். தானியங்கு வசதியையும் இயக்கினேன். பக்கம் திறந்தது. மின்கலத்தைப் பின்னர் மாற்றிக்கொண்டேன். செலவு மிகச் சிறிது.

அன்றிரவே சான்றிதழ்களைப் பதிவேற்றி விண்ணப்பத்தை அனுப்பினேன். தந்தையாரின் படங்கள் ஒன்றுகூடக் குறையவில்லை.

நினைவில் நிறுத்த வேண்டியவை

1. கீழிருந்து மேலே செல்க: அட்டை, டிரைவரும் ஃபர்ம்வேரும், தடை, அலைவரிசை, கடவுச்சொல்லும் முகவரியும், நாளும் நேரமும்.

2. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது பயன் தந்தது என்று அறியமுடியாது.

3. மாற்றியதைத் தாளில் எழுதி வைக்க. ஆய்வகத்தில் அளவீடு குறிப்பது போன்றதே இதுவும்.

4. பிழைச் செய்தியை மூடிவிடாமல் முழுவதும் படிக்க. அதில் உள்ள எண்ணுக்கும் சொல்லுக்கும் பொருள் உண்டு.

5. அழித்து நிறுவுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்க. அதற்குமுன் கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ள மறவற்க.

முடிவுரை

என் கணிப்பொறியில் இருந்தது ஒரு குறையன்று. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு. ஃபர்ம்வேர் இல்லை, நகர்த்தி மூடியிருந்தது, அலைவரிசை பொருந்தவில்லை, நாள் தவறியிருந்தது. ஒன்றைத் தீர்த்ததும் அடுத்தது எதிர்நின்றதால், முதல் மூன்றையும் தீர்த்தது வீண் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றிற்று. உண்மையில் ஒவ்வொரு வளைவிலும் நான் மேலேறிக்கொண்டிருந்தேன். குறை நீங்காதது வேறு. குறை இடம் மாறியது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பாதிவழியில் திரும்பமாட்டார்.

திறந்த மூலநிரல் அமைப்பின் சிறப்பு அது விலையின்றிக் கிடைப்பது மட்டுமன்று. கேட்கத் தெரிந்தவர்க்கு அது தன் உள்ளத்தை மறைப்பதில்லை. எந்தக் கோப்பு இல்லை, எந்தக் கதவு மூடியுள்ளது என்பதை எழுதி வைக்கிறது. நம் கல்லூரியில் என்னைப் போலவே தமக்கையின், தமையனின் பழைய மடிக்கணிப்பொறியை வைத்திருப்போர் பலர் இருப்பர். இணைப்பு வரவில்லை என்று அதை மூலையில் வைத்துவிட வேண்டா. அதனிடம் முதற் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பம் சென்றதும் வந்த பதிவெண்ணை என் தாயாரிடம் காட்டினேன். அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இனிமே தேதியை மொதல்ல பாரு" என்று சொல்லிவிட்டு, விடியற்காலை ஜீப்புக்காகப் படுக்கச் சென்றார்கள். ஆறாம் படியைக் கண்டுபிடித்தவர்கள் அவர்களே என்பதை இங்கே நன்றியுடன் பதிவு செய்கிறேன்.